வாசகர் கேள்வி பதில்: வீட்டோடு பணத்தையும் சேர்த்து எழுதுங்கள்

பழைய வீடு, மண்டபம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒரு கட்டடம் தங்கள் காலத்துக்குப் பிறகும் நிற்க வேண்டும், அதற்கு உயிலில் என்ன எழுதலாம் என்று கேட்டுக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் ஊர் மட்டும் இருக்கிறது. நான் சொல்வது பொதுவான விளக்கம். உங்கள் பத்திரங்களை நான் பார்க்கவில்லை, அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் கட்டாயம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரரின் ஐயா கட்டிய வீடு. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இப்போது பதினாறு புள்ளிகளுக்கு, அதாவது பதினாறு குடும்பங்களுக்கு, அதில் பங்கு இருக்கிறது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம், அப்புறம் பூட்டிவிடுவோம். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், அவர் பங்கு என் பேரில் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. என் பங்கை அந்த வீட்டைக் காப்பாற்றுவதற்கென்றே உயில் எழுதலாமா, யார் பேருக்கு எழுதுவது? – தேவகோட்டை வாசகி

எழுதலாம் ஆச்சி. கணவரிடமிருந்து வந்த பங்கு உங்களுக்கு முழு உரிமையான சொத்து, அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க இந்து வாரிசுரிமைச் சட்டம் இடம் தருகிறது. உயில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லாத பெண்ணுக்குக் கணவர் வழியில் வந்த சொத்து, உயில் இல்லாதபோது கணவரின் வாரிசுகளுக்கே திரும்பிப் போகும், அப்படிப் போகும்போது இருக்கும் பங்கு இன்னும் நாலு துண்டாகும்.

ஆனால் நீங்கள் எழுதிவைக்க முடிவது உங்கள் பங்கை மட்டும்தான், வீட்டை முழுசாக எழுதிவைக்க முடியாது. பதினாறில் ஒரு பங்கை ஏதோ ஒரு அறக்கட்டளைக்கு எழுதிவைத்தால் அவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்த அறை தங்களுடையது என்று சொல்ல முடியாது, மற்ற பதினைந்து பேர் சம்மதிக்காமல் ஒரு ஓட்டைக்கூட மாற்ற முடியாது, வெளியாள் ஒருவர் பங்குக்காரராக உள்ளே வந்துவிட்டார் என்று குடும்பத்தில் ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் எழுதிய உயிலே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோனாலும் போய்விடும். செட்டிநாட்டில் வீடுகள் அழிவதற்குப் பங்காளிகளின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. பங்கு பெருகிக்கொண்டே போய், ரிப்பேர் செலவுக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியாத நிலை வந்துவிடுகிறது, கடைசியில் எல்லாரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இடித்து விற்பது என்று ஆகிவிடுகிறது. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதனால் உங்கள் உயிருள்ளபோதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பங்காளிகளில் சம்மதிப்பவர்களைச் சேர்த்து அந்த வீட்டுக்கென்றே ஒரு அறக்கட்டளையைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். எல்லாரும் பங்கை எழுதித் தர வேண்டும் என்று முதல் நாளே கேட்காதீர்கள், கேட்டால் ஓடிவிடுவார்கள். முதலில் பராமரிப்புக்கு மட்டும் அறக்கட்டளை, பொறுப்பாளர்கள் மூன்று பேர், வங்கிக் கணக்கு ஒன்று, அவ்வளவு போதும். அப்புறம் உங்கள் உயிலில் உங்கள் பங்கையும், அதோடு ஒரு தொகையையும் அந்த அறக்கட்டளைக்கு எழுதுங்கள். ஒருவர் தொடங்கினால் இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் பங்கையும் அப்படியே எழுதிவைக்க முன்வருவது நடக்கக்கூடியதுதான்.

பணம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வீடுகளுக்கு முதல் எதிரி மழைத்தண்ணீர். ஓடு ஒன்று நகர்ந்தால் அதன் வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் ஓட்டைத் தாங்கும் கை மரத்தை அழுகவைக்கும், அப்புறம் உத்திரம், அப்புறம் சுவர். வளவைச் சுற்றி நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வந்து சேரும் இடத்தில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால் ஒரு ஐப்பசி மழையே போதும். சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றை முதல் வருஷம் கையால் பிடுங்கலாம், பத்து வருஷம் கழித்துச் சுவரைப் பிரிக்காமல் எடுக்க முடியாது. ஐப்பசிக்கு முன்னால் ஓடு பார்க்க, தண்ணீர்ப் போக்கைச் சுத்தம் செய்ய, கரையான் பார்க்க, வருஷத்துக்கு ஒரு தொகை நிச்சயமாக வந்துகொண்டிருந்தால் வீடு நிற்கும். முதல் தொகையைத் தொடாமல் வட்டியில் இதைச் செய்ய வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவிடுங்கள். அதோடு இன்னொரு வரியும் சேருங்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புச் சுவர்களில் சிமென்ட் பூசக்கூடாது என்று. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்துப் பழைய பூச்சைப் பாளம் பாளமாக விழவைக்கும். செலவு குறைவு என்று நினைத்து நல்ல மனசோடு இதைச் செய்து வீட்டைக் கெடுத்தவர்கள் அதிகம்.

கேள்வி: உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வாங்க வேண்டும்? – திருச்சி வாசகர்

இரண்டும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் உங்கள் கையாலேயே எழுதலாம். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு பேர், உங்கள் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவு கேட்பது இதைத்தான். ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், பின்னால் இது போலி உயில் என்று யாராவது கிளம்பினால் பதிவு கைகொடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது. சாட்சிகளில் ஒருவராவது உங்களைவிட வயதில் நன்றாக இளையவராக இருக்கட்டும், நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும். நன்கொடை பெறப்போகும் அமைப்பைச் சேர்ந்தவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். அசல் உயிலை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்காதீர்கள், லாக்கரைத் திறப்பதற்கே உங்கள் வாரிசுகள் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்குப் பாரம்பரிய வீடு எதுவும் இல்லை. மயிலாப்பூரில் வாடகை வீட்டில் வளர்ந்து இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். சென்னையின் பழைய கட்டடங்கள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஐந்து லட்சம் ரூபாய் அதற்கென்று எழுதிவைக்க ஆசை. இந்தச் சின்னத் தொகையால் ஏதாவது பயன் உண்டா? – சென்னை வாசகி

உண்டு அம்மா, ரொம்பவே உண்டு. பழைய கட்டடத்துக்குப் பணம் என்றால் எல்லாரும் கோடிக்கணக்கில் செலவாகும் புதுப்பிப்பு வேலையை நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைகளுக்குத்தான் காசே கிடைப்பதில்லை. அளந்து வரைபடம் போடுவது, புகைப்படம் எடுத்து ஆவணமாக்குவது, கட்டுமானப் பொறியாளரை அழைத்துவந்து சோதிப்பது, தேவைப்பட்டால் நீதிமன்றம் போவது. அண்ணா சாலையில் இருக்கும் 1897-ம் வருஷத்து பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2010-ல் கட்டடத்தை இடிக்கக்கூடாது என்று தீர்ப்பு வந்தது, சென்னையின் பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு முறையான பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சுக்கு அந்தத் தீர்ப்புதான் பலம் சேர்த்தது. இப்படிப்பட்ட வேலைக்கு ஐந்து லட்சம் சின்னத் தொகையே இல்லை.

யாருக்கு என்பதில் மட்டும் கவனம் வேண்டும். “சென்னையின் பழைய கட்டடங்களுக்கு” என்று பொதுவாக எழுதினால் அதை வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு அமைப்பின் பதிவுபெற்ற முழுப்பெயர், முகவரி, பான் எண் வரைக்கும் எழுதுங்கள். 1984-ல் தொடங்கிய இன்டாக்குக்கு ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு, எழுதும்போது தலைமை அமைப்பின் பெயரைப் போட்டு, சென்னைப் பணிகளுக்கு என்று நோக்கத்தைக் குறிப்பிட முடியுமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் தேசியப் பண்பாட்டு நிதியம் 1996-ல் ஏற்பட்டது, அதுவும் இந்த வேலைக்கு நன்கொடை வாங்குகிறது. சின்ன உள்ளூர் அறக்கட்டளை என்றால் ஒன்றும் தப்பில்லை, வருமான வரித் துறையில் அறநிறுவனமாகப் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். நினைவுச்சின்னங்களையும் வரலாற்று மதிப்புள்ள இடங்களையும் பாதுகாப்பது அறப்பணி என்று நம் வருமான வரிச் சட்டமே சொல்கிறது, அதனால் முறையாக நடக்கிற அமைப்புக்கு இந்தப் பதிவு கிடைப்பதில் தடை இல்லை. அந்த அமைப்பு உங்கள் காலத்துக்குள் மூடிவிட்டால் அடுத்து யாருக்கு என்று இரண்டாவது பெயர் ஒன்றும் கட்டாயம் போடுங்கள்.

தொகையை எப்படி எழுதுவது என்றும் யோசியுங்கள். இன்றைக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் இருபது வருஷம் கழித்து அதன் மதிப்பு கரைந்திருக்கும். இன்ன வங்கியில் இன்ன எண்ணுள்ள ஃபிக்சட் டெபாசிட் என்று எழுதினால் அது முதிர்ந்து, புதுப்பித்து, எண் மாறி, அப்படி ஒரு டெபாசிட்டே இல்லை என்று வங்கி சொல்லும், நீங்கள் கொடுக்க நினைத்தது போய்ச் சேராது. வீட்டாருக்கும் கடனுக்கும் கொடுத்தது போக மீதியில் இத்தனை சதவீதம் என்று எழுதுவது நல்ல வழி. சொத்து குறைந்தால் கொடையும் குறையும், வீட்டாருக்கு ஒதுக்கியது முதலில் போய்ச் சேரும், யாருக்கும் மனவருத்தம் வராது. அந்த டெபாசிட்டுக்கு நாமினி யார் என்றும் பாருங்கள், வங்கி நாமினி கையில்தான் பணத்தைக் கொடுக்கும். நாமினி என்பதால் அவருக்கே சொந்தமாகிவிடாது, உயிலின்படி கொடுக்க வேண்டியவர் அவர். அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மீதி என்றதும் சார்லஸ் வாலஸ் என்பவர் ஞாபகம் வருகிறது. கல்கத்தாவில் ஷா வாலஸ் கம்பெனியைத் தொடங்கி நடத்தியவர், 1916-ல் இறந்தார். குடும்பத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பிரிட்டிஷ் இந்தியாவின் கருவூலத்துக்கும் பிரிட்டனின் கருவூலத்துக்கும் சரிபாதியாக எழுதியிருந்தார். அந்தப் பணம் பல பத்தாண்டுகள் கடந்து, 1981-ல் அவர் பெயரிலேயே அறக்கட்டளைகளாகி, இந்தியாவிலிருந்து கட்டடப் பாதுகாப்புப் படிக்கப் போகிறவர்களுக்கும் கலைஞர்களுக்கும் இன்றுவரை உதவிக்கொண்டிருக்கிறது. எதற்கு என்று இறுக்கிக் கட்டாமல் மீதி எல்லாம் என்று ஒருவர் எழுதியதால் வந்தது இது.

கேள்வி: உயில் எழுதிவிடலாம் சார், ஆனால் நாம் கண்ணை மூடிய பிறகு அது நடக்கும் என்று என்ன நிச்சயம்? – கும்பகோணம் வாசகர்

நியாயமான பயம். சென்னையில் பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்தபோது தர்ம காரியங்களுக்கு உயில் எழுதிவைத்திருந்தார். வாரிசுச் சண்டையிலும் கைமாறலிலும் அது சுமார் அரை நூற்றாண்டு முடங்கிக் கிடந்தது. மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் விடாமல் நின்று, வட்டியோடு சேர்ந்திருந்த பணத்தை மீட்டு அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார்கள். 1842-ல் பள்ளி தொடங்கியது, கிரேக்கக் கோயில் மாதிரியில் தூண்களோடு பச்சையப்பன் மண்டபம் 1850-ல் திறந்தது. எஸ்பிளனேடில் இன்றைக்கும் நிற்கிற அந்தக் கட்டடமே பழைய உயில் ஒன்றின் பணத்தில் எழும்பியதுதான்.

ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டாம் என்றால் உயிலை நிறைவேற்றுபவர் யார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அவர் மறுத்தாலோ முன்னால் இறந்தாலோ இன்னொருவர் பெயரும் இருக்கட்டும். பிள்ளைகளில் ஒருவரையும் வெளியே நம்பிக்கையான ஒருவரையும் சேர்த்துப் போடுவது நல்லது. கொடை பெறும் அமைப்புக்கு இப்படி எழுதியிருக்கிறேன் என்று ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள், தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு விஷயமே தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பார்கள்? நோக்கத்தையும் ஒரே செங்கல்லில் கட்டிப்போடாதீர்கள். “இன்ன கட்டடத்தின் கூரைக்கு, அது இயலாத நிலை வந்தால் அதே ஊரில் அதே காலத்துக் கட்டடம் ஒன்றின் பாதுகாப்புக்கு” என்று எழுதினால் அவர்களுக்கும் வேலை நடக்கும், உங்கள் எண்ணமும் நிறைவேறும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசல் கல்தூண்களோடு கோயில் மண்டபம் போலவே இருக்கும். அதன் பராமரிப்புக்கு என் சொத்தில் பாதி எழுதிவைக்கலாமா? – கீழக்கரை வாசகர்

பாதி முடியாது பாய். முஸ்லிம் சட்டப்படி அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் (உயில்) செல்லாது, அதற்கு மேல் போனால் உங்களுக்குப் பிறகு வாரிசுகள் சம்மதித்தால்தான் நடக்கும். மூன்றில் ஒரு பங்கே நல்ல தொகை. கூடுதலாகச் செய்ய ஆசை இருந்தால் வாழ்நாளிலேயே வக்ஃப் (அறத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிவைப்பது) செய்து முறையாகப் பதிவு செய்யலாம். அதில் “கட்டடத்தின் பழைய கல் வேலைப்பாடு மாறாமல்” என்ற வார்த்தையைச் சேருங்கள், இல்லாவிட்டால் விரிவாக்கம் என்று வரும்போது உங்கள் பணத்திலேயே தூண்களை எடுத்துவிட்டு கான்க்ரீட் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: காரைக்குடியில் பிறந்து முப்பது வருஷமாக லண்டனில் இருக்கிறேன், பிரிட்டிஷ் குடியுரிமை, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உண்டு. இங்கே வீடும் சேமிப்பும், அங்கே கொஞ்சம் பணமும் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் பழைய கட்டடங்களுக்குக் கொடுக்க விருப்பம். ஒரே உயில் போதுமா? – லண்டன் வாசகர்

இரண்டு உயில் எழுதுங்கள், பிரிட்டன் சொத்துக்கு ஒன்று, இந்தியச் சொத்துக்கு ஒன்று. “இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்” என்ற வழக்கமான வரியை இரண்டாவதில் அப்படியே போட்டுவிட்டால் முதலாவது செத்துவிடும், அதனால் இன்ன நாட்டுச் சொத்து பற்றிய உயில்களை மட்டும் என்று வக்கீலிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் இரண்டு நாடும் இரண்டு துருவம். இந்தியாவில் இறந்தவர் சொத்து மீதான எஸ்டேட் வரி 1985-லேயே போய்விட்டது, அதனால் உயிலில் தர்மத்துக்கு எழுதுவதால் வரியில் லாபம் என்று எதுவும் இல்லை, மனசு இருந்தால்தான் எழுதுவார்கள். பிரிட்டனில் 3,25,000 பவுனுக்கு மேல் இருக்கும் சொத்துக்குப் பொதுவாக 40 சதவீதம் வரி, அறநிறுவனத்துக்கு எழுதிய தொகைக்கு வரியே கிடையாது, நிகரச் சொத்தில் பத்து சதவீதமாவது அறத்துக்குப் போனால் மற்றதன் மீதான வரியும் 36 சதவீதமாகக் குறையும். ஆனால் அந்தச் சலுகை பிரிட்டன் சட்டத்துக்கு உட்பட்ட அறநிறுவனங்களுக்கு மட்டும். லண்டன் வீட்டை விற்று வருவதை நேராக இந்திய அறக்கட்டளைக்கு எழுதினால் சலுகை கிடைக்காது. இந்தியாவில் வேலை செய்கிற, பிரிட்டனில் பதிவான அமைப்பு ஒன்றைத் தேடுங்கள்.

இந்தியப் பணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் உங்கள் கொடை, ரூபாயிலேயே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை என்றுதான் கணக்காகும். வெளிநாட்டு நன்கொடை பற்றிய 2010-ம் வருஷ எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கவே முடியாது. நீங்கள் விரும்பும் உள்ளூர் அமைப்புக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் பதிவு உள்ள பெரிய அமைப்பின் பெயரில் எழுதுங்கள்.

நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. நேஷனல் டிரஸ்ட் 1895-ல் தொடங்கி, அடுத்த வருஷமே ஆல்ஃப்ரிஸ்டனில் கூரை வேய்ந்த ஒரு பாதிரியார் வீட்டைப் பத்துப் பவுனுக்கு வாங்கியது. 1940-ல் லோதியன் பிரபு இறந்தபோது நார்ஃபோக்கில் பிளிக்ளிங் என்ற பெரிய மாளிகையை உயிலில் அதற்குக் கொடுத்தார், வீட்டோடு நிலங்களும் சேர்ந்தே வந்தன. பெரிய வீடுகளைத் தருகிறவர்களிடம் அதைப் பராமரிக்கும் நிதியையும் சேர்த்துத் தரச் சொல்கிறது அந்த அமைப்பு. வெறும் வீடு கையில் வந்தால் கட்டிக் காக்க முடியாது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். நம் ஊரில் இதை யாரும் சொல்வதில்லை, வீட்டை எழுதிக்கொடுத்ததே பெரிய தர்மம் என்று நினைத்துவிடுகிறோம், வாங்கிக்கொண்டவர்கள் பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்துச் சிவன் கோயில் சோழர் காலத்தது, அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. அம்மா தன் நகைகளை விற்றுத் திருப்பணிக்குக் கொடுக்க வேண்டும் என்று உயில் எழுதச் சொல்கிறார். எப்படி எழுதினால் கோயில் கெடாமல் இருக்கும்? – திருவாரூர் மாவட்ட வாசகி

கெடாமல் இருக்கும் என்று கேட்டீர்களே, அதற்கே உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் வணக்கம். திருப்பணி என்ற பெயரில் கல்தரைக்கு மேல் டைல்ஸ், கல்வெட்டுக்கு மேல் பெயின்ட், மணலைப் பீய்ச்சி அடித்துத் தூண் சிற்பத்தின் மூக்கும் முழியும் தேய்ந்துபோவது, இதெல்லாம் நல்ல பக்தர்களின் பணத்தில் நடந்திருக்கிறது.

உயிலில் கோயிலின் பெயரை, சுவாமியின் பெயரோடு, ஊர், வட்டம் சேர்த்து எழுதுங்கள், நம் சட்டத்தில் சுவாமிக்கே சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. “திருப்பணிக்கு” என்று ஒரே வார்த்தையில் விட்டுவிடாமல் ஒரு கட்டளையாக, அதாவது நிரந்தர அறக்கொடையாக, ஏற்படுத்துவது நல்லது. தொகை நிரந்தர வைப்பாக இருக்கட்டும், வட்டியில் மட்டும், விமானத்திலும் மண்டபத்தின் மேல்தளத்திலும் செடி முளைக்காமல் எடுக்க, சுண்ணாம்பும் தட்டோடும் (தட்டையான ஓடு) கொண்டு ஒழுக்கை அடைக்க, பிராகாரத்தில் தண்ணீர் தேங்காமல் வெளியேற்றச் செலவு செய்யட்டும். இந்த மூன்றும் நடந்தால் கல் கோயில் தானாக நிற்கும். டைல்ஸ், கிரானைட், கல்வெட்டு மேல் வர்ணம், மணல் வீச்சு எதற்கும் இந்தப் பணத்தைப் பயன்படுத்தக்கூடாது என்றும் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதுவதற்கு முன் கோயில் செயல் அலுவலரைப் பார்த்து, இப்படி ஒரு கட்டளையை ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் உங்கள் கோயில் சுவரையே காட்டுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் விளக்கு) 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்திருப்பார்கள். இடையர் அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டு தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும், ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளால் ஈடுகட்டி மந்தையின் எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நெய், யார் பொறுப்பு, எவ்வளவு காலத்துக்கு என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். உங்கள் அம்மா எழுதப்போகும் கட்டளையும் அந்த அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிப்பதாக இருந்தால் தனிப் பலகையில் பொறித்துக் கோயில் சுவரில் ஆணி அடிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். தான் படித்து, தானே பாடம் நடத்திய நூறு வருஷப் பழைய ஓட்டுக்கட்டடப் பள்ளிக்கூடத்துக்குச் சொத்தில் பாதியை எழுதிவைக்கப் போகிறேன் என்கிறார். அம்மா இருக்கிறார், தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதைத் தடுக்க முடியுமா? – விருதுநகர் மாவட்ட வாசகர்

நீங்கள் மறைக்காமல் கேட்டதால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் சம்பாதித்த சொத்து என்றால் தடுக்க முடியாது. பூர்வீகச் சொத்து என்றால் அவருடைய பங்கை மட்டும் அவர் எழுதலாம், உங்கள் பங்கிலும் தங்கை பங்கிலும் கைவைக்க முடியாது. ஆனால் அம்மாவும் திருமணமாகாத தங்கையும் அவரைச் சார்ந்து இருப்பவர்கள், அவருக்குப் பிறகு அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமை 1956-ம் வருஷ இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் அவர்களுக்கு இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் வைக்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் அந்தப் பள்ளிக்கூடம்தான் கோர்ட்டு வாசலில் நிற்கும். இதை அவரிடம் சொல்லுங்கள், ஆசிரியராக இருந்தவருக்குக் கணக்கு புரியும். குடும்பத்துக்கு என்ன, பள்ளிக்கு என்ன, ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்று உயிலிலேயே நாலு வரி காரணம் எழுதட்டும். நெருங்கிய வாரிசுகளைக் காரணமே சொல்லாமல் ஒதுக்கிய உயிலைக் கோர்ட்டு எப்போதும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும்.

இன்னொரு விஷயம், அவருக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டடம் யாருடையது? அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, ஏதாவது குடும்பத்தின் அறக்கட்டளையா? 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்த பிறகு, ஆபத்தான பள்ளிக் கட்டடங்கள் பல இடங்களில் இடிக்கப்பட்டன. பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓட்டுக்கட்டடம் என்றாலே பழசு, இடி என்று முடிவு செய்துவிடும் இடங்களும் உண்டு. சுண்ணாம்புக் கட்டடத்தைப் பார்த்துப் பழகிய பொறியாளர் ஒருவர் சோதித்து, இன்ன சுவர் பலமாக இருக்கிறது, இன்ன உத்திரத்தை மாற்றினால் போதும் என்று எழுத்தில் கொடுத்தால் நிலைமையே மாறலாம். அப்பாவின் உயில் நடைமுறைக்கு வருவதற்குள் கட்டடமே இல்லாமல் போய்விட்டால் அவர் எழுதியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

அதனால் அவரைத் தடுப்பதை விட்டுவிட்டு அவரோடு கூடவே போங்கள் தம்பி. தலைமையாசிரியரையும் நிர்வாகத்தையும் பாருங்கள், கட்டடம் யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அவர் கொடுக்க நினைப்பதில் ஒரு சிறு பகுதியை இந்த வருஷமே எடுத்து அந்தச் சோதனையை நடத்திவிடுங்கள், முன்னாள் மாணவர்கள் நாலு பேரிடம் சொன்னால் செலவைப் பகிர்ந்துகொள்ளவும் வருவார்கள். அறிக்கை கையில் வந்த பிறகு, கூரைக்கு எவ்வளவு தேவை, வருஷப் பராமரிப்புக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்துவிடும். அவர் சொல்லும் பாதிச் சொத்து அதற்கு வேண்டாமலும் இருக்கலாம். உயிலை அப்போது எழுதட்டும்.